நான் மறைத்த ஐந்தாவது நன்மை

ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். அந்த நிமிடத்தில் நான் ஒரு பொய்யைப் பதிவு செய்தேன். ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்யவில்லை. 'இல்லை' என்றிருந்த இரண்டு கட்டங்களை விரலால் தொட்டு 'ஆம்' என்று மாற்றினேன். அவ்வளவுதான்... குற்றமற்ற ஒரு பெண்ணைப் பொய் சொன்னவராக்க அந்த இரண்டு தொடுதல்கள் போதுமாக இருந்தன.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். அதை நினைவில் வைத்திருப்பது நானல்ல. நான் ஒருபோதும் பார்த்திராத ஏதோ ஒரு நகரத்தில், குளிரூட்டப்பட்ட ஏதோ ஓர் அறையில், ஒரு கணிப்பொறி வைத்திருக்கிறது. மேகக் கணிமை என்று அதற்குத் தமிழில் பெயர். அதன் நன்மைகளைப் பலருக்கு எடுத்துச் சொன்னவள் நான். ஒன்றை மட்டும் மறைத்தேன். நீங்களும் ஒரு தொழில் நடத்துபவராக இருக்கலாம். உங்களுக்கு அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் புதுச்சேரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். முதுகலை, இரண்டாம் ஆண்டு. வீடு மரக்காணம். கல்லூரி நேரம் போக, கூனிமேட்டைச் சேர்ந்த காசிம் பாயின் உப்பு வணிகத்தில் பதிவு வேலை பார்க்கிறேன். பாய் பல ஆண்டுகள் துபாயில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஊர் திரும்பியதும் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தார். கூனிமேட்டில் உப்பைப் பையில் அடைக்கும் கொட்டகை ஒன்றும் போட்டார். ஒரு புயலின்போது அந்தக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த பதிவேடுகள் எல்லாம் கூழாகிப் போயின.

"அங்கெல்லாம் கிளவுட்லதாம்மா வெப்பாங்க. ஆபீஸே முழுகினாலும் ஒரு காயிதம் நனையாது. நமக்கும் அப்படி ஒண்ணு பண்ணிக் குடு" என்றார் பாய்.

பண்ணிக் கொடுத்தேன். பாத்தி நீரின் அடர்த்தி, வாரிய உப்பு, ஏற்றிய லாரி, கடைசியாக அம்பாரங்களின் நிலை... எல்லாம் ஒரே அட்டவணையில். வாரிய உப்பைக் கரையில் மலைபோல் குவிப்பதைத்தான் அம்பாரம் என்பார்கள். எங்கள் கரையில் சாலையிலிருந்து உப்பங்கழி வரை வரிசையாகப் பதினெட்டு அம்பாரங்கள். மழைக்கு முன் ஓலைக் கீற்றால் மூட வேண்டும். மூடாத அம்பாரம் ஒரே மழையில் கரைந்துவிடும். ஆகவே 'மூடியதா?' என்று ஒரு பத்தி; ஒவ்வோர் அம்பாரத்துக்கும் எதிரே ஒரு கட்டம்; ஆம் அல்லது இல்லை.

அந்தக் கட்டங்களைத் தொடும் பொறுப்பை அஞ்சலை அக்காவுக்குக் கொடுத்தார் பாய். பதினைந்து ஆண்டுகளாகத் தலையில் உப்புக் கூடை சுமந்தவர். தொழிலாளர்களிடையே கம்பெனி போன் பெற்ற முதல் பெண் அவர்தான். தினமும் பிற்பகலில் கரை முழுவதும் நடந்து, ஒவ்வோர் அம்பாரத்தின் முன்னும் நின்று, பார்த்து, அழுத்துவார்.

ஆனால் போனின் திரைக்கு அவர் விரல்கள் தெரியவில்லை! உப்பு அரித்து, வெடித்து, ரேகையெல்லாம் தேய்ந்த நுனிகள். இரண்டு முறை, மூன்று முறை அழுத்தினாலும் திரை அசையாது. அதற்காகவே தேங்காய் எண்ணெயைச் சிறு புட்டியில் இடுப்பில் செருகி வைத்திருந்தார்.

"இந்தக் கண்ணாடிக்கு என் கையி ஆவல பாப்பா. எண்ணெ தடவுனாதான் பேசுது."

"ஏன்டி அஞ்சலை, எண்ணெ மட்டும்தானா? போனுக்கு சீவி, பூ வெக்கலியா?" என்று கூடைக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"வெக்கிறேன்டி. உன் தலையில இருக்குற பூவ எடுத்துக் குடு!"

அந்தக் குரல்தான்... ஆகஸ்ட் பன்னிரண்டுக்குப் பிறகு கரையில் கேட்கவில்லை.

பிழையின் வேர் என்னிடம் இருந்தது. அட்டவணையில் அம்பாரங்களுக்கு நான் சாலைப் பக்கமிருந்து எண் கொடுத்தேன். லாரி அங்கிருந்து வருகிறது. குத்தகை வரைபடமும் அங்கிருந்து தொடங்குகிறது. பாத்திக்காரர்கள் உப்பங்கழியிலிருந்து எண்ணுவார்கள். அக்கா அதை முதல் வாரமே என்னிடம் சொன்னார்.

"பாப்பா, நீ ரோட்டுலேர்ந்து நம்பர் போட்டிருக்கிற போல. நாங்க கழிலேர்ந்துதான் எண்ணுவோம். தண்ணி அங்கேர்ந்துதானே உள்ள வருது?"

"மாத்திடறேன்க்கா" என்றேன்.

மாற்றவில்லை. மறந்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. உண்மை அதுவன்று. வரைபடத்தின் முறையே சரியானது என்று எனக்குள் ஓர் எண்ணம். பிசகில்லாமல் எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அல்லவா நான்! என் அட்டவணையை ஒரு கூடைக்காரப் பெண் திருத்துவதா என்று... ஆம், அப்படித்தான் நினைத்தேன். அதை ஒப்புக்கொள்ளாமல் மற்றதை ஒப்புக்கொண்டு என்ன பயன்?

எத்தனையோ நாட்கள் அதனால் கேடு விளையவில்லை. எல்லா அம்பாரங்களும் திறந்திருக்கும். அல்லது எல்லாம் மூடியிருக்கும். எந்தப் பக்கமிருந்து எண்ணினால் என்ன?

ஆகஸ்ட் பதினோராம் தேதி மழை வரும் என்ற அறிவிப்பு வந்தது. கீற்று போதவில்லை. அக்காவின் எண்ணிக்கையில் இரண்டாவதும் மூன்றாவதும், அதாவது உப்பங்கழி ஓரத்து இரண்டு அம்பாரங்கள், மூடாமல் நின்றன. அவர் இரண்டுக்கும் மூன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மாலை ஐந்து மணிக்கு நான் அட்டவணையைப் பார்த்து, எங்காவது 'இல்லை' இருந்தால் பாய்க்குப் போன் செய்ய வேண்டும். அவர் டிராக்டரில் கீற்று அனுப்புவார். அதுதான் ஏற்பாடு.

ஐந்து மணிக்கு நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பேருந்தின் சன்னலோர இருக்கையில் இருந்தேன். அட்டவணையைத் திறந்தேன். இரண்டு, மூன்று: இல்லை. வெளியே பார்த்தேன். சாலையிலிருந்து இரண்டாவதும் மூன்றாவதும் கீற்றுக்குள் பத்திரமாக இருந்தன. மூடிவிட்டு அழுத்த மறந்திருக்கிறார் என்று நானே தீர்ப்பு எழுதி, போனைப் பைக்குள் வைத்தேன்.

ஒரே ஓர் அழைப்பு... 'அக்கா, மூடியாச்சா?' என்று இரண்டு சொற்கள் கேட்டிருந்தால்!

ஏழு மணிக்கு மழை பிடித்தது.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். கழி ஓரத்து இரண்டு அம்பாரங்கள் இருந்த இடத்தில் சேற்றின் மேல் வெண்மையாய் ஒரு படலம் மட்டும் கிடந்தது. போன் அடித்தது.

"அங்கயே இரும்மா, வந்துட்டிருக்கேன். அஞ்சலை என்ன போட்டிருக்குதுன்னு எடுத்து வை" என்றார் பாய்.

அப்போதுதான் விளங்கியது. அந்த இரண்டு 'இல்லை'களும் இருக்கும்வரை, எண்ணும் வரிசை தலைகீழாகியிருப்பது எவருக்கும் புலப்பட்டுவிடும். எண் கொடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். நேற்று மாலை பார்த்தும் ஏன் போன் செய்யவில்லை என்ற கேள்வியும் வரும். இரண்டும் 'ஆம்' ஆகிவிட்டால்? பதினெட்டும் மூடியதாக அட்டவணை சொல்லும். தவறு முழுவதும் அஞ்சலை அக்காவுடையதாகிவிடும்.

ஏழு மணி நாற்பது. இரண்டு தொடுதல்கள். என் விரல்களுக்குத் திரை உடனே பணிந்தது... எண்ணெய் தேவைப்படவில்லை.

பாய் வந்தார். கூடைக்காரப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"இன்னா அஞ்சலை இது? எல்லாம் மூடியாச்சுன்னு போட்டிருக்குற?"

"இல்லீங்க பாய். ரெண்டும் மூணும் மூடலன்னுதான் போட்டேன்."

"இந்தா. நீயே பாரு."

அக்கா பார்த்தார். திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நான் போட்டது உனக்கு வந்துச்சுல்ல?"

"இப்படித்தான்க்கா வந்துச்சு" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய வாக்கியங்களில் இவ்வளவு பிசகின்றி வந்தது வேறில்லை. குரல்கூட நடுங்கவில்லை!

பாய் கத்தவில்லை. போனை வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் அக்கா தலையில் மீண்டும் கூடை ஏறியது. அந்தப் பதிவைப் பாயே மாலையில் வந்து பார்த்துக்கொண்டார்.

நீங்கள் கேட்பீர்கள்: மனசாட்சி உறுத்தவில்லையா? உறுத்தியது. ஆனால் அதற்கு நான் அழகழகான விளக்கங்கள் கொடுத்தேன். படிப்பு முடிந்ததும் சொல்லிவிடலாம்... பாயின் கோபம் தணிந்ததும் சொல்லிவிடலாம்... சொல்வதற்கு உகந்த நாளைத் தேடுகிறவருக்கு அந்த நாள் வரவே வராது என்பதை நான் மெல்ல மெல்ல அறிந்தேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் குத்தகைதாரர்கள் சிலரைப் பாய் கொட்டகைக்கு அழைத்திருந்தார். மேகக் கணிமை என்றால் என்ன, அதனால் சிறு தொழில்களுக்கு என்ன பயன் என்று நான் அறிமுக உரை நிகழ்த்த வேண்டும். ஐந்து நன்மைகளைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஐந்தாவதைப் பேருந்திலேயே பேனாவால் அடித்துவிட்டேன்.

"மேகம்னு ஆரம்பிச்சிடாதம்மா. உப்புக்காரங்க எந்திரிச்சிப் போயிடுவாங்க. கிளவுட்னே சொல்லு" என்றார் பாய். கொட்டகை சிரித்தது.

நம் தகவல்கள் நம் அலமாரியிலோ நம் கணிப்பொறியிலோ இருப்பதில்லை. இணையத்தின் வழியே, வேறொரு நிறுவனம் பராமரிக்கும் பெரிய கணிப்பொறிகளில் இருக்கின்றன. நம் போன் அவற்றைப் பார்க்கும் சன்னல் மட்டுமே என்று தொடங்கினேன். உழவுக்கு டிராக்டரை எல்லோரும் சொந்தமாகவா வாங்குகிறோம்? வேண்டும்போது வாடகைக்கு எடுப்பதில்லையா? இதுவும் அப்படித்தான். விலை உயர்ந்த இயந்திரம் வாங்க வேண்டாம். பழுது பார்க்க ஆள் வேண்டாம். உப்பு விளையும் மாதங்களில் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் வேலை நிற்கும்போது குறைத்துக்கொள்ளலாம். பாத்தியில் போட்டது அதே நொடியில் கொட்டகையிலும் தெரியும், வெளியூர் வியாபாரிக்கும் காட்டலாம். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதைத் தனித்தனியே வரையறுக்கலாம். ஊரே வெள்ளத்தில் மூழ்கினாலும் பதிவு அழியாது.

பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்த கோவிந்தன் என்ற குத்தகைதாரர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி. கரையில நெட்டே கெடைக்கலன்னா? எங்க பக்கம் சிக்னலுக்கு மல மேல ஏறி கோயில் வாசல்லதான் நிக்கணும்."

"அப்படியே சாமியையும் கும்பிட்டுட்டு வாய்யா, ரெண்டு வேல முடியும்" என்றார் பாய்.

இணையம் இல்லாதபோது போட்டது போனிலேயே காத்திருக்கும், சிக்னல் கிடைத்ததும் தானாகப் போய்ச் சேரும் என்று விளக்கினேன். தலைகள் அசைந்தன. என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது... வெட்கத்தோடு சொல்கிறேன்.

அப்போது மூட்டைகளின் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"பாப்பா, ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் மாத்துனா அது தெரியுமா?"

அஞ்சலை அக்கா. மூட்டை தைக்க வந்த பெண்களோடு நின்றிருந்தார். குரலில் குத்தலில்லை, சந்தேகமுமில்லை. கற்றுக்கொள்ள விரும்புகிறவரின் கேள்வி, அவ்வளவே.

நான் அடித்துவிட்டு வந்த ஐந்தாவது நன்மை அதுதான்! மேகத்தில் உள்ள பதிவேடு எதையும் மறப்பதில்லை. எந்தக் கட்டத்தை, யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில் மாற்றினார்கள் என்பதை ஆளுக்கொரு நிறத்தில் அது சேமித்து வைக்கிறது. தாள் பதிவேட்டில் இப்படி இல்லை. ஒரு தொழில் நேர்மையாக நடக்க இதைவிடப் பெரிய துணை வேறென்ன?

"தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா தன் வலக்கையைத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார்.

"அப்ப என் கையிதான் தப்பா அழுத்தியிருக்குது."

பக்கத்திலிருந்த பெண்ணிடம்தான் சொன்னார். எனக்குக் கேட்டது... நான் செய்தது என்னவென்று அந்தக் கணத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன். போனை மட்டும் நான் பறிக்கவில்லை. தன் கை செய்ததைத் தன் கண் பார்த்தது என்ற உறுதியையே அவரிடமிருந்து பறித்திருந்தேன். இத்தனை நாளும் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தன் விரலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்!

அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில், மடியில் மடிக்கணினியை வைத்து, அட்டவணையின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். ஆகஸ்ட் பதினொன்று, பிற்பகல்: அக்காவின் பச்சை நிறத்தில் இரண்டு 'இல்லை'. ஆகஸ்ட் பன்னிரண்டு, காலை ஏழு நாற்பது: என் ஊதா நிறத்தில் இரண்டு 'ஆம்'. அருகே என் பெயர், எழுத்துப் பிழையின்றி.

விசித்திரமாக, அச்சத்தைவிட ஆறுதலே முதலில் வந்தது. மெய் எங்கும் போய்விடவில்லை... ஒரு மழையிலும் கரையாமல் அது அங்கே இருந்தது. எடுத்துக்காட்ட வேண்டியது மட்டுமே பாக்கி.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறேகாலுக்குக் கரைக்குப் போனேன். பாயை அங்கே வரச் சொல்லியிருந்தேன். கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே, அவர்கள் முன் நான் பொய் சொன்ன அதே இடத்தில், மடிக்கணினியைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன்.

"நேத்து நான் பொய் சொன்னேன்க்கா. மாத்துனா தெரியும்."

அக்கா குனிந்து பார்த்தார்.

"இந்தப் பச்ச யாரு?"

"நீங்க."

"ஊதா?"

"நான்."

எண் வரிசையை, பேருந்துச் சன்னலை, அந்த நாற்பதாவது நிமிடத்தை... ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய் அம்பாரத்தில் கை ஊன்றிக்கொண்டார்.

"தௌபா... அல்லா மன்னிக்கணும். அத்தன பேரு முன்னாடி அந்தப் பொம்பளைய நிக்க வெச்சுக் கேட்டேனேம்மா! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"அப்ப என் கையி சரியாத்தான் அழுத்தியிருக்குது" என்றார். அதையே இன்னொரு முறை, கூடைக்காரப் பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு அம்பாரம்தான் போயிருக்கும் பாப்பா."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ நேத்து சொன்னியே, யாரு பாக்கலாம், யாரு திருத்தலாம்னு பிரிச்சு வெக்கலாம்னு... உன்ன வெறுமனே பாக்க மட்டும் விட முடியுமா?"

"முடியும்க்கா. பாயோட போன்லேர்ந்து மாத்தலாம்."

"மாத்தாத. எப்படின்னு சொல்லு. நான் மாத்தறேன்."

பாய் தன் போனைக் கொடுத்தார். கம்பெனி போனையும் பையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து வைத்தார். நான் ஒவ்வொரு படியாகச் சொல்ல, அக்கா அழுத்தினார். இடுப்பில் எண்ணெய்ப் புட்டி இல்லை. முதல் அழுத்தலுக்குத் திரை அசையவில்லை, இரண்டாவதற்கும் இல்லை. விரலை முந்தானையில் தேய்த்து மூன்றாம் முறை அழுத்தினார். என் பெயருக்கு எதிரே 'திருத்துபவர்' போய் 'பார்ப்பவர்' வந்தது. அடுத்து எண் வரிசையையும் அவரே மாற்றினார்: உப்பங்கழியிலிருந்து ஒன்று, சாலையோரத்தில் பதினெட்டு.

"தள்ளி நில்லு, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி போனோடு கழிப் பக்கம் நடந்தார். ஒரு பெண் பின்னாலிருந்து, "அஞ்சலை, எண்ணெ வேணுமாடி?" என்று கத்தினாள். அக்கா திரும்பவில்லை, ஆனால் கையை ஆட்டினார்.

"நீ காலேஜுக்குப் போம்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் பாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏழரைப் பேருந்தில் ஏறினேன். சன்னலோர இருக்கையைத் தவிர்த்து, நடுவில் நின்றுகொண்டு அட்டவணையைத் திறந்தேன். ஏழு மணி நாற்பதுக்கு, கரைந்துபோன இடத்தில் புதிதாகக் குவித்திருந்த இரண்டாம் அம்பாரத்துக்கு எதிரே, பச்சை நிறத்தில் ஒரு பதிவு வந்து விழுந்தது. இல்லை.

அந்தக் கட்டத்தை நான் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். அது அசையவில்லை. போனை உள்ளே வைக்காமல், பாய்க்கு அழைத்து, இரண்டாம் அம்பாரம் மூடவில்லை என்று சொன்னேன்.